கோல்ட்ரிங் லென்கோ ஜிஎல்75: என்னோடு 11 ஆண்டுகள்

மார்கழியில், விடிவதற்கு முன் வைத்தால் மட்டும் கே.பி. சுந்தராம்பாளின் குரல் கனத்து, சற்றே இறங்கி ஒலிக்கும். அதே இசைத்தட்டு மதியம் சரியாகப் பாடும். முதலில் என் காதில்தான் கோளாறு என்று எண்ணினேன். சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறுதியானது: காலையில் சுருதி உண்மையிலேயே இறங்கியிருந்தது. பத்து நிமிடம் ஓடியபின் மெல்ல மெல்ல ஏறித் தன் இடத்துக்கு வந்தது.

காரணம் தேங்காய் எண்ணெய். எனக்கு முன் இந்த டர்ன்டேபிளை (இசைத்தட்டைச் சுழற்றும் இயந்திரம்) வைத்திருந்த யாரோ ஒருவர், மோட்டாரின் புஷ்களில், அதாவது தண்டைத் தாங்கிச் சுழலவிடும் உலோக வளையங்களில், அதை ஊற்றியிருக்கிறார். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். கோவையில் டிசம்பர் காலைகள் அதற்கும் கீழேதான் இருக்கும். சமையலறைப் பாட்டிலில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து நின்ற அதே நேரத்தில், என் டர்ன்டேபிளின் வயிற்றுக்குள்ளும் அது உறைந்து மோட்டாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

இந்த இயந்திரத்தை 2014இல் வாங்கினேன். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட பங்களாவைக் காலி செய்தவர்களிடமிருந்து, 9,000 ரூபாய்க்கு. மூடி விரிசல் விட்டிருந்தது, ஊசி இல்லை, ஆனால் பிளாட்டரை, அதாவது இசைத்தட்டை வைக்கும் சுழல்வட்டைக் கையால் சுற்றிவிட்டால் நீண்ட நேரம் ஓசையின்றிச் சுழன்றது. அதைப் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன்.

லென்கோ ஸ்விட்சர்லாந்தில் பர்க்டார்ஃப் என்ற ஊரைச் சேர்ந்த நிறுவனம். எல்75 அவர்களுடைய 1960களின் பிற்பகுதித் தயாரிப்பு. பிரிட்டனில் அதுவே கோல்ட்ரிங் பெயரையும் சேர்த்துக்கொண்டு ஜிஎல்75 என்று விற்பனையானது. மோட்டாரின் சுழற்சியைப் பிளாட்டருக்குக் கடத்த பெல்ட் கிடையாது. மோட்டார் படுக்கைவாட்டில் கிடக்கிறது. அதன் தண்டு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும் கூம்பு. ரப்பர் விளிம்புள்ள ஒரு சிறு ஐட்லர் சக்கரம் செங்குத்தாக நின்று, கீழே அந்தக் கூம்பையும் மேலே பிளாட்டரின் அடிப்பக்கத்தையும் தொடுகிறது. வேக நெம்புகோலை நகர்த்தினால் சக்கரம் கூம்பின் மேல் நகர்கிறது. தடித்த இடத்தில் வேகம் கூடும், மெலிந்த இடத்தில் குறையும். நிமிடத்துக்கு 33, 45, 78 சுற்று என்ற இடங்களில் நெம்புகோல் சொடுக்கென்று நிற்கும். ஆனால் அங்கேதான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 30 முதல் 80ஐத் தாண்டியும், இடையில் எந்த வேகத்திலும் ஓட்டலாம்.

இந்த ஒரு வசதிக்காகத்தான் இதை வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பவற்றில் பாதிக்கு மேல் அரக்கு இசைத்தட்டுகள், அதாவது 78கள். இந்தியாவில் 1960களிலும் அவை அச்சாகிக்கொண்டுதான் இருந்தன. தாத்தா வீட்டிலிருந்து வந்த பெட்டியில் நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவும் இருக்கிறார், அவருக்கு 30 ஆண்டு பிந்தியவர்களும் இருக்கிறார்கள். பழைய தட்டுகள் எல்லாமே 78 சுற்றில் பதிவானவை அல்ல. சில 75, 76 அளவில் பதிவாகியிருக்கும், சில 80ஐத் தொடும். 76இல் பதிவானதை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய கால் கட்டை ஏறிவிடும். 1933இலேயே மறைந்துவிட்ட கிட்டப்பாவின் குரலைத் தட்டு வழியாக மட்டுமே அறிந்த எனக்கு, அவர் உண்மையில் எந்த உயரத்தில் நின்று பாடினார் என்பது சிறிய விஷயம் அல்ல. நெம்புகோலை இழை இழையாக நகர்த்தி, சொற்கள் ஒரு மனிதர் வாயிலிருந்து வருவதுபோல் ஒலிக்கும் இடத்தில் நிறுத்துகிறேன். வேகம் கூடினால் முதலில் காட்டிக்கொடுப்பது மெய்யெழுத்துகள்தாம். பல்லிடுக்கில் நசுங்கி வரும்.

ஆக, பராமரிப்பு என்று நான் செய்வதெல்லாம் வேகம் நகராமல் காப்பதற்கே.

தேங்காய் எண்ணெய்க் கதைக்கு வருகிறேன். மோட்டாரைக் கழற்றி, இரு முனைகளிலும் உள்ள வெண்கலப் புஷ்களைத் தனியே எடுத்தேன். இவை சாதாரண வெண்கலம் அல்ல. உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தவை. நுண்துளைகளில் எண்ணெயை ஊறவைத்துக்கொள்ளும். எனவே துணியால் துடைத்தால் போதாது, உள்ளே ஊறிக் கெட்டிப்பட்டதை வெளியே கொண்டுவர வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இரண்டு நாள் ஊறவிட்டு, மாற்றி மாற்றிக் கழுவினேன். மஞ்சள் பிசின் போல் வந்துகொண்டே இருந்தது. பிறகு கூட்டுப்பொருள் எதுவும் சேராத எஸ்ஏஇ 20 எண்ணெயை இளஞ்சூடாக்கி அதில் புஷ்களைப் போட்டேன். துளைகளில் இருந்த காற்று குமிழியாக வெளியேறியது. குமிழி அடங்கியதும் எண்ணெய் குடித்தாயிற்று என்று பொருள். அதன்பின் இன்றுவரை மோட்டாரை ஒரே ஒரு முறைதான் மறுபடி திறந்திருக்கிறேன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, புஷ்ஷை ஒட்டியிருக்கும் கம்பளித் துண்டில் இரண்டு சொட்டு விடுகிறேன். அதற்கு மேல் விட்டால் எண்ணெய் தண்டு வழியே ஊர்ந்து ரப்பர் சக்கரத்துக்குப் போய்விடும். அங்கே எண்ணெய் பட்டால் சக்கரம் வழுக்கும், வேகம் ஆடும்.

வேகத்தைச் சரிபார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் நியான் விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். அட்டையில் வட்டமாக 180 கோடு அச்சிட்டு ஓடவிட்டால், சரியாக 33⅓ சுற்றும்போது கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். 78க்கு 77 கோடு. கணக்குப்படி அது 77.92 சுற்று, காதுக்கு வேறுபாடு தெரியாது. இதில் எனக்கு ஒரு வாரம் வீணானது. எல்இடி பல்பின் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். பல எல்இடி பல்புகள் அந்த அளவுக்கு மினுங்குவதில்லை, கோடுகள் வெறும் சாம்பல் வளையமாகத்தான் தெரியும். சுவிட்ச் போர்டில் போடும் சிறிய நியான் இன்டிகேட்டர் ஒன்றை வயரில் இணைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் துல்லியமாகத் தெரிகிறது.

அந்த அட்டை எனக்கு இன்னொன்றையும் காட்டியது. இதில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். மின்னழுத்தம் இறங்கினால் இதன் வேகமும் கொஞ்சம் இறங்கும். கோடை இரவுகளில், தெரு முழுவதும் ஏசி ஓடும் நேரத்தில், நின்ற கோடுகள் பின்னோக்கி ஊரத் தொடங்கும். ஒரு சிறு ஸ்டெபிலைசர் வைத்தபின் அது பெரும்பாலும் அடங்கிவிட்டது. இன்வெர்ட்டரில் மட்டும் ஓட்டுவதில்லை. என் வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகை. மோட்டார் உறுமுகிறது, அந்த உறுமல் ஊசி வரை போய்விடுகிறது. கரண்ட் போனால் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன்.

ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் ஏறக்குறைய 50 ஆண்டாகியும் உயிரோடு இருந்தது. மேல்தோல் மட்டும் பளபளப்பாகியிருந்தது. ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, மிக நுண்ணிய உப்புத்தாளை லேசாகக் காட்டினேன், அவ்வளவுதான். ஆனால் மாற்றுச் சக்கரம் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும் என்று 2017இல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். அதன் வட்டம் சரியில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ‘தட்... தட்...’ என்றது. திருப்பி அனுப்பும் செலவே அதன் விலைக்கு நெருக்கமாக இருந்ததால் டப்பாவில் கிடக்கிறது. பழைய ரப்பர் உறுதியாக இருந்தால் தயவுசெய்து அதையே துடைத்துப் பயன்படுத்துங்கள்.

ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்ம்தான் அதிக நாட்களைத் தின்றது. ஆர்மின் மேல் கீழ் அசைவுக்குக் கத்திமுனை போன்ற இரண்டு விளிம்புகள், ‘வி’ வடிவப் பள்ளமுள்ள இரண்டு சிறு கட்டைகளில் அமர்ந்திருக்கும். அரை நூற்றாண்டில் அந்தக் கட்டைகள் பொடிந்துபோவது இந்த மாடலை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. என்னுடையவை தொட்டதும் வெல்லத்தூள் போல உதிர்ந்தன. ஆர்ம் ஆடினால் ஊசி பள்ளத்தில் நேராக நிற்காது. தட்டின் உட்பகுதியை நெருங்கும்போது பாடகர் குரல் கரகரக்கும்.

கோவையில் வசிப்பதன் பாக்கியம் இங்கே உதவியது. பம்புசெட்டுக்கும் மில்லுக்கும் உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் நிறைந்த ஊர். வீட்டருகே ஒரு லேத் பட்டறைக்காரரிடம் உதிர்ந்த துண்டுகளையும் நான் வரைந்த படத்தையும் கொடுத்தேன். டெல்ரின் என்ற கெட்டியான பிளாஸ்டிக் கட்டையிலிருந்து வெட்டித் தந்தார். முதல் ஜோடி தளர்வாக இருந்தது. இரண்டாவது இறுக்கம். மூன்றாவதை நான் பொருத்தி, ஆர்ம் இறகு போல் இறங்குவதைக் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டு போய்க் காட்டியபோது, அதுவரை பணம் பற்றியே பேசாதவர், “பாட்டையும் ஒரு நாள் கேட்க வேண்டும் தம்பி” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு மணி நேரம் இருந்தார். மூன்று ஜோடிக்கும் சேர்த்து 600 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். எட்டு ஆண்டாகியும் அந்தக் கட்டைகளில் தேய்மானம் இல்லை.

ஆர்மின் பின்னால் இருக்கும் எடையும் ரப்பரில் தொங்குவதுதான். என்னுடையது தலை சாய்ந்துவிட்டிருந்தது, அதையும் மாற்றினேன்.

மின் இணைப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சுவிட்சை அணைக்கும்போது ஸ்பீக்கரில் ‘டப்’ என்ற ஓசை வராமலிருக்க, சுவிட்சின் குறுக்கே ஒரு சிறு கெப்பாசிட்டர் இருக்கும். பழையதாகிவிட்டால் அது ஷார்ட் ஆகி, அணைத்த பிறகும் மோட்டாருக்கு மின்சாரம் போகலாம். வாங்கிய அன்றே அதை எடுத்துவிட்டு, வீட்டு மின்சாரத்தை நேராகத் தாங்கும் எக்ஸ்2 வகையில் 0.01 மைக்ரோஃபேரட் போடுங்கள். டிவி உதிரிபாகக் கடையில் கிடைக்கும் சாதாரண வகையைப் போடக் கூடாது. உலோக உடலுக்கு எர்த் இணைப்பும் வேண்டும். ப்ளக்கைப் பிடுங்காமல் அடிமூடியைத் திறக்காதீர்கள்.

இரைச்சலைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஐட்லர் இயந்திரத்தில் மோட்டாரின் அதிர்வு நேராகப் பிளாட்டருக்கு ஏறும். ஏறக்குறைய 4 கிலோ எடையுள்ள பிளாட்டர் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது, முழுவதையும் அல்ல. என்னுடைய பழைய பெட்டி மெல்லிய மரம். 2019இல் தச்சரிடம் சொல்லி, பிளைவுட் அடுக்குகளை ஒட்டி, உள்ளே வெட்டி, கனமான புதுப் பெட்டி செய்தேன். அடித்தொனியில் இருந்த முனகல் பாதிக்கு மேல் குறைந்தது. இருந்தாலும் எல்பியில் (33 சுற்றில் ஓடும் வினைல் தட்டு) தனி வீணை இசையை ஹெட்ஃபோனில் கேட்டால், மீட்டலுக்கும் மீட்டலுக்கும் நடுவே அது கேட்கத்தான் செய்கிறது. எல்பி மட்டுமே கேட்பவர், அமைதிதான் முக்கியம் என்பவர், நல்ல பெல்ட் இயந்திரம் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். நாகஸ்வரமும் தவிலும் வேறு கதை. தவிலின் அடி விழும்போது இந்த இயந்திரத்தின் வேகம் துளியும் தளராது; அந்த உறுதியை நான் கேட்ட பெல்ட் இயந்திரங்கள் எதுவும் தரவில்லை.

ஊசி விஷயம்: எல்பி ஊசியை 78இல் வைக்காதீர்கள். 78இன் பள்ளம் அதைவிட மிகவும் அகலம். சிறு ஊசி அதன் அடியில் உள்ள குப்பையில் உராய்ந்துகொண்டு போகும். 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு ஊசி வேண்டும். நான் ஆடியோ-டெக்னிக்கா விஎம்95 வரிசை கார்ட்ரிட்ஜைப் (ஊசி பொருந்தும், அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) பயன்படுத்துகிறேன். உடலை விட்டுவிட்டு ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், 78க்கும் தனி ஊசி உண்டு. ஊசி தட்டில் அழுத்தும் எடையை ஒவ்வொரு முறையும் மாற்றி அமைக்க வேண்டும், மறக்கக் கூடாது. இடது வலது இரண்டையும் ஒன்றாக்கி மோனோவாகக் கேட்டால் கீறல் சத்தத்தில் ஒரு பங்கு தானே மறைந்துவிடும்.

கழுவுவதிலும் இரண்டும் வேறு. எல்பிக்கு ஆல்கஹால் கலந்த நீர் பரவாயில்லை. அரக்குத் தட்டில் ஆல்கஹால் படவே கூடாது, அரக்கு அதில் கரையும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு, மென்மையான தூரிகை, உடனே துடைத்துக் காயவைத்தல், இவ்வளவே. தட்டுகளைவிட அவற்றின் காகித உறைகளைக் காப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. ராமபாணப் பூச்சி இரண்டு உறைகளை ஓட்டையாக்கிவிட்டது.

11 ஆண்டில் இயந்திரத்துக்காக மட்டும், ஊசிகளைச் சேர்க்காமல், வாங்கிய விலையைப் போல இரண்டரை மடங்கு செலவாகியிருக்கிறது. அதில் பெரும்பங்கு மரப்பெட்டிக்கும் ஸ்டெபிலைசருக்கும்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. ஆர்மை மெதுவாக இறக்கும் லிஃப்டில் சிலிக்கோன் திரவம் வற்றிவிட்டதால் ஆர்ம் சட்டென்று விழுகிறது. இரண்டு வகைத் திரவம் போட்டுப் பார்த்தேன். ஒன்று தண்ணீர்போல் ஓடியது, மற்றது ஆர்மை அந்தரத்திலேயே பிடித்துவைத்துக்கொண்டது. இரண்டையும் கலந்து, பாதிக்குப் பாதி, இந்த வாரம் நிரப்பப் போகிறேன். அதுவரை 78களுக்குக் கையால்தான் ஊசி வைக்கிறேன். ஓரத்து வெற்றுப் பள்ளத்தைத் தாண்டாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.