டேட்டா ஸ்ட்ரக்சர் வீடியோ கோர்ஸ்: லிங்க்டு லிஸ்ட் வரைக்கும் சூப்பர், போஸ்ட்ஃபிக்ஸ்ல சொதப்பிட்டாங்க

காலேஜ்ல டேட்டா ஸ்ட்ரக்சர் (தகவல மெமரில அடுக்கி வெக்கிற முறைகள்) பேப்பர்ல நான் பாஸானது முழுக்க மனப்பாடத்துல தான், இத மொதல்லயே ஒத்துக்கறேன். இன்ஃபிக்ஸ்ல (3 + 4னு குறி நடுவுல) இருந்து போஸ்ட்ஃபிக்ஸுக்கு (3 4 +னு குறி கடைசில) மாத்தற அந்த மூணு காலம் (column) டேபிள் இருக்கே, அத கண்ண மூடிட்டு போடுவேன், ஆனா அது எதுக்குனு யாராவது கேட்டிருந்தா முழிச்சிருப்பேன். இப்ப சில வருஷமா டெஸ்டிங்ல இருந்துட்டு கோட் எழுதற பக்கம் போலாம்னு ஆசை வந்து, பேசிக்ல இருந்து ஆரம்பிப்போம்னு சி லாங்குவேஜ்ல சொல்லித்தர ஒரு ரெக்கார்டட் கோர்ஸ் வாங்கி மூணு வாரம் உக்காந்து முடிச்சேன். பேர் போடல, ஏன்னா கீழ கொஞ்சம் திட்டும் இருக்கு.

நல்லத மொதல்ல சொல்லிடுவோம். லிங்க்டு லிஸ்ட், அதாவது ஒவ்வொண்ணும் அடுத்தது எங்க இருக்குனு அட்ரஸ வெச்சிருக்கற சங்கிலி, அந்த பகுதி நிஜமாவே அருமை. மொத ரெண்டு வீடியோல ஒரு வரி கோட் கூட கிடையாது, பேப்பரும் பேனாவும் எடுத்துக்கோங்கனு தான் ஆரம்பிக்கிறார். அர்ரேல (மெமரில ஒண்ணு பக்கத்துல ஒண்ணா நிக்கற வரிசை) ஏன் நேரா அஞ்சாவது இன்டெக்ஸுக்கு தாவ முடியுது? ஆரம்ப அட்ரஸ் 1000, ஒவ்வொரு இன்டும் (முழு எண்) 4 பைட், அப்ப 1000 கூட்டல் 5 பெருக்கல் 4, 1020, அவ்ளோதான், தேட வேண்டிய வேலையே இல்ல. ஆனா நடுவுல ஒண்ண நுழைக்கணும்னா பின்னாடி நிக்கற எல்லாரையும் ஒவ்வொரு எடமா தள்ளணும். இத சொல்லிட்டு தான் லிங்க்டு லிஸ்டுக்கே வரார்.

எல்லா எடத்துலயும் நோட்ட (node, சங்கிலில ஒரு கண்ணி) கட்டமா போட்டு நடுவுல அம்புக்குறி போடுவாங்க இல்லையா, இவர் அம்பே போடல. மூணு கட்டம் வரைஞ்சு மேல 1000, 2400, 1720னு கன்னாபின்னானு அட்ரஸ் எழுதிட்டு, மொத நோட்டோட நெக்ஸ்ட் கட்டத்துக்குள்ள 2400னு நம்பரவே எழுதறார். எனக்கு அங்க தான் மண்டைல பல்பு எரிஞ்சது, பாயிண்டர்ங்கறது ஏதோ மாயாஜாலம் இல்ல, பக்கத்து வீட்டு கதவு நம்பர ஒரு துண்டு சீட்டுல எழுதி வெச்சிருக்கோம், அவ்ளோதான்.

அப்புறம் 10க்கும் 30க்கும் நடுவுல 20அ நுழைக்கிற வீடியோ. இதுல வேணும்னே தப்பா பண்றார் மனுஷன். 10ஓட நெக்ஸ்ட்ல மொதல்ல புது நோட்டோட அட்ரஸ எழுதிடறார், எழுதிட்டு "இப்ப 30 எங்க இருக்கு, யாராவது சொல்லுங்க"னு கேட்டு சும்மா ஒரு நிமிஷம் விட்டுடறார். 30ஓட அட்ரஸ் அந்த ஒரு சீட்டுல மட்டும் தான் இருந்துச்சு, அதையும் அழிச்சாச்சு, கைல இருந்த நூல விட்டுட்டு காத்தாடிய தேடற கதை தான். புது நோட்டோட நெக்ஸ்ட்ல 30ஓட அட்ரஸ மொதல்ல வாங்கி வெச்சுக்கோ, அதுக்கப்புறம் 10அ தொடுங்கறது இனி ஜென்மத்துக்கும் மறக்காது. லிஸ்ட் வட்டமா சுத்துதானு கண்டுபிடிக்க ஆமை முயல் மாதிரி ரெண்டு பாயிண்டர், ஒண்ணு ஒரு அடி, இன்னொண்ணு ரெண்டு அடி, அதையும் இதே மாதிரி பேப்பர்லயே காட்டறார், அதுவும் நல்லா இருந்துச்சு. டபுளி லிங்க்டு (முன்னயும் பின்னயும் போற லிஸ்ட்), சர்குலர் (வட்ட லிஸ்ட்) எல்லாம் ஓகே ரகம்.

இங்கயும் ரெண்டு குறை இருக்கு. லிங்க்டு லிஸ்ட்னா மெமரி மிச்சம்னு ஒரு எடத்துல போற போக்குல அடிச்சு விடறார். 64 பிட் மெஷின்ல இன்ட் 4 பைட், பாயிண்டர் 8 பைட், நடுவுல பேடிங் (சும்மா விடற இடம்) 4, ஆக ஒரு நோடுக்கு 16 பைட், மேலோக்கோட (மெமரி வாங்கித்தர ஃபங்ஷன்) சொந்த கணக்கு தனி. அர்ரேல அதே நம்பருக்கு வெறும் 4 தான். மிச்சம் எங்க இருந்து வந்துச்சு? நடுவுல நுழைக்கறது ஓ ஆஃப் ஒன் (லிஸ்ட் எவ்ளோ நீளமானாலும் ஒரே செலவு) அப்படினு சொல்றதும் பாதி உண்மை தான், அந்த எடத்த ஏற்கனவே கைல புடிச்சிருந்தா தான் அது, இல்லனா அங்க வரைக்கும் நடந்து போற செலவு ஓ ஆஃப் என் (நீளம் கூட கூட செலவும் கூடும்), போற வழில நோட் எல்லாம் மெமரில அங்கங்க செதறி கெடக்கறதால கேஷும் (ப்ராசஸர் பக்கத்துல இருக்கற வேகமான மெமரி) பெருசா கை கொடுக்காது.

ரெண்டாவது, பயிற்சிக்கான விடை கோட்ல லிஸ்ட அழிக்கிற லூப். நோட்ட ஃப்ரீ பண்ணிட்டு (அதோட மெமரிய திருப்பி கொடுத்துட்டு) அடுத்த வரில அதே நோட்டோட நெக்ஸ்ட படிக்கிறாங்க. ஓட்டி பாத்தா ஒழுங்கா ஓடற மாதிரியே இருக்கும், டெஸ்டர் புத்தி சும்மா இருக்குமா, வால்கிரைண்ட்ல (மெமரி தப்ப புடிக்கற டூல்) போட்டேன், இன்வேலிட் ரீட்னு (படிக்கக் கூடாத எடத்த படிக்குதுனு) வரிசையா கொட்டுச்சு. சீட்டெழுதி வெச்ச வீட்டயே இடிச்சிட்டு அடுத்த வீட்டு நம்பர சுவத்துல தேடினா எப்படி? சப்போர்ட்டுக்கு மெயில் போட்டேன், "நோட்டட்"னு ஒத்த வார்த்தை வந்துச்சு, கோட் அப்படியே தான் இருக்கு.

சரி, எக்ஸ்பிரஷன் (3 + 4 மாதிரி கணக்கு வரி) பகுதிக்கு வருவோம். கதை சொல்ற வீடியோ நல்லா தான் இருந்துச்சு, 1924ல யான் வூகாஷெவிச்னு போலந்து லாஜிக் ஆளு பிராக்கெட்டே இல்லாம எழுத யோசிச்ச முறை, அதனால தான் ப்ரீஃபிக்ஸுக்கு (குறி மொதல்ல) போலிஷ் நொட்டேஷன்னும் போஸ்ட்ஃபிக்ஸுக்கு ரிவர்ஸ் போலிஷ்னும் பேரு, 1972ல வந்த ஹெச்பி-35 கால்குலேட்டர்ல சமம் பட்டனே கெடையாது என்டர் தான்னு எல்லாம் சொன்னார். 3 4 2 * + அ ஸ்டாக்ல (கடைசியா போட்டது மொதல்ல வெளிய வர்ற குவியல்) போட்டு 11 வரவெச்சதும் தெளிவு. 8 3 - ல மொதல்ல வெளிய வர்றது 3, அது வலது பக்கம், மாத்தி போட்டா மைனஸ் அஞ்சு வரும்னு எச்சரிச்சதுக்கு தனி நன்றி, அங்க தான் எல்லாரும் வழுக்கி விழுவோம்.

ஆனா இன்ஃபிக்ஸ்ல இருந்து மாத்தற எடத்துக்கு வந்த உடனே அதே பழைய டேபிள்! வர்ற ஆபரேட்டரோட (+, * மாதிரி குறி) ப்ரிசிடன்ஸ் (முன்னுரிமை) கம்மியாவோ சமமாவோ இருந்தா ஸ்டாக்ல இருக்கறத பாப் பண்ணுங்க (வெளிய எடுங்க), ரூல் இது தான், எழுதிக்கோங்கனு போய்ட்டே இருக்கார். ஏன் பாப் பண்ணணும்? டைக்ஸ்ட்ராங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1961ல வெளியிட்ட இந்த முறைக்கு ஷன்டிங் யார்டுனு பேரு வந்ததே ரயில்வே யார்ட மனசுல வெச்சு தான், நம்பர் பெட்டி எல்லாம் நேர் லைன்ல போய்டும், ஆபரேட்டர் பெட்டி சைடு லைன்ல ஒதுங்கி நிக்கும், அதோட வலது பக்க ஆளு முழுசா போய் சேர்ந்தா தான் அது கெளம்பும். இந்த ஒரு படத்த வரைஞ்சிருந்தா போதுமே, அட்ரஸ நம்பரா எழுதி காட்டின அதே கை தானே!

காரணம் சொல்லாம ரூல் மட்டும் கொடுத்தா என்ன ஆகும்னு அவரோட கோடே சாட்சி. 2 ^ 3 ^ 2 (^னா அடுக்கு) போட்டு பாத்தேன். அடுக்கு வலது பக்கத்துல இருந்து சேரும், 3 ஓட வர்க்கம் 9, ரெண்டோட ஒன்பதாவது அடுக்கு 512. இவர் கோட் சமம்னாலே பாப் பண்ணிடுது, 2 3 ^ 2 ^ னு மாத்தி 64னு பதில் சொல்லுது. ஒரு கண்டிஷன் சேத்தா முடிஞ்சிது, அடுக்குக்கு மட்டும் சமமா இருந்தா பாப் பண்ணாத. (சில பேர் இத சரிபாக்க சி-லயே நேரா 2 ^ 3னு அடிச்சு 1 வருதுனு பொலம்புவாங்க, சி-ல அது எக்ஸார் (பிட் பிட்டா ஒப்பிடற குறி), அடுக்கு இல்ல.) அடுத்து 12 3 + கொடுத்தேன், 5னு வந்துச்சு! ஒவ்வொரு எழுத்தா படிச்சு ஸ்பேஸ தூக்கி போட்டுடறாங்க, 1, 2, 3னு தனித்தனியா ஸ்டாக்ல போயி மேல இருக்கற ரெண்ட கூட்டி அத பதில்னு நீட்டுது, கீழ 1 பாவம் அனாதையா உக்காந்திருக்கு. ஒத்த இலக்கம் மட்டும் தான் வேலை செய்யும்னு ஒரு வார்த்தை எங்கயும் இல்ல. மைனஸ் 5 மாதிரி யூனரி மைனஸ பத்தி மூச்சே விடல.

எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் என்னனா, அவ்ளோ கஷ்டப்பட்டு லிங்க்டு லிஸ்ட் சொல்லிக் கொடுத்துட்டு இங்க ஸ்டாக்குக்கு 100 சைஸ்ல ஒரு அர்ரே, ரொம்பிடுச்சானு செக் கூட இல்ல. ஸ்டாக்குக்கு அர்ரே போடறது தப்பே இல்ல, பல எடத்துல அது தான் சரியும் கூட, ஆனா கத்துக்கறவனுக்கு புஷ்னா (உள்ள போடறது) ஹெட்ல (லிஸ்டோட ஆரம்பத்துல) ஒரு நோட் சேக்கறது, பாப்னா ஹெட்ட எடுக்கறதுனு காட்டியிருந்தா ரெண்டு பாடமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும். நானே எழுதி பாத்தேன், இருபது வரி கூட தாண்டல, பழைய அட்ரஸ் கட்டம் வரைஞ்ச பேப்பர பக்கத்துல வெச்சுக்கிட்டு.

மார்க் போடணும்னா மொத பாதிக்கு அஞ்சுக்கு நாலரை, ரெண்டாவது பாதிக்கு ரெண்டு. வாங்கறவங்க ஒண்ண கவனிங்க, ஃப்ரீ சாம்பிளா போட்டிருக்கறது அந்த 30 காணாம போற வீடியோ தான், அத பாத்துட்டு கடைசி வரைக்கும் இதே மாதிரி தான் இருக்கும்னு நான் நம்பி வாங்கினேன்.