டயர் வெடித்தால் நிறுத்துவதா, கிளம்பிவிடுவதா?

நோர்ட்டன் பிரிட்ஜில் ஒரு விமான டயர் இருக்கிறது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி ஏழு கன்னியர் மலையில் மோதிய டிசி-8 விமானத்தினுடையது. அன்றைக்கு 191 பேர் இறந்தார்கள். மாமாவோடு அதைப் பார்க்கப் போயிருந்தேன். ஹட்டன் - கண்டி பஸ் ஓட்டுகிறவர். டயரைத் தடவிவிட்டு, "கிளம்புற வேகத்துல இது வெடிச்சா பிரேக்கப் போட்டு நிப்பாட்டிருவாங்கதானே?" என்றார். "வேகம் ஏறிட்டா மேல போயிருவாங்க மாமா" என்றேன். அவர் நம்பவில்லை.

மெதுவாக ஓடும்போது வாதமே இல்லை. 80 நொட்டுக்குள், அதாவது மணிக்கு 150 கிலோமீற்றருக்குள், சின்னக் கோளாறுக்கும் நிறுத்தலாம். வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் சூடேறி நாறுவதை அறிந்த மாமாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அதனால் 100 நொட்டுக்கு மேல் தீ, எஞ்சின் செயலிழப்பு, விமானம் பறக்காது என்ற நிலை போன்ற பெரிய காரணங்களுக்கே நிறுத்துவார்கள். அப்புறம் வீ-வன்: நிறுத்துவதென்றால் அதற்குள் முடிவெடுத்திருக்க வேண்டிய வேகம், தாண்டினால் மிச்ச ஓடுபாதைக்குள் நிற்க முடியாது. எடை, ஓடுபாதை நீளம், காற்று எல்லாம் பார்த்து ஒவ்வொரு பயணத்துக்கும் கணக்கிடும் வேகம் அது. அதை எட்டியதும் கெப்டன் எஞ்சின் விசை நெம்புகோல்களிலிருந்து கையை எடுத்துவிடுவார். பழக்கதோஷத்தில்கூட கை பின்னால் இழுத்துவிடக் கூடாது.

டயர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிறுத்தும் தூரக் கணக்கு எல்லா டயரும் நன்றாக இருக்கிறது என்று வைத்துப் போட்டது. வெடித்த டயர் பிரேக்கைத்தான் பறிக்கிறது. பறப்பதற்குப் பெரும்பாலும் இறக்கையும் எஞ்சினும் போதும். மேலே போனால் எரிபொருளைக் குறைத்து, தீயணைப்பு வண்டிகளை நிறுத்திவைத்து, முழு ஓடுபாதையும் முன்னால் கிடக்க இறங்கலாம். 1982 செப்டம்பரில் ஸ்பெயினின் மலகாவில் ஒரு டிசி-10இன் முன்சக்கரத்தில் ரீபில்ட் பட்டை (தேய்ந்த டயரின் மேல் புதிதாக ஒட்டுவது) கழன்று விமானம் அதிர்ந்தது. கெப்டன் வீ-வன் தாண்டி நிறுத்தப் பார்த்தார். விமானம் ஓடுபாதையைக் கடந்து ஓடித் தீப்பற்றியது. 50 பேர் இறந்தார்கள்.

மேலே போவதும் உத்தரவாதமல்ல. 2000இல் பாரிஸில் கொன்கோர்ட்டின் டயர் வெடித்து, அதன் துண்டு எரிபொருள் தாங்கியைத் தாக்கியது. தீயோடு எழும்பிய விமானம் இரண்டு நிமிடம்கூடப் பறக்கவில்லை. ஆனால் அந்த வேகத்தில் நிறுத்த ஓடுபாதையும் மிச்சமிருக்கவில்லை.

நிறுத்தியதே சரியான சம்பவமும் உண்டு. 2017 மார்ச்சில் அமெரிக்காவின் இப்சிலாந்தியில் ஒரு எம்டி-83. கெப்டன் இழுத்துப் பார்த்தும் மூக்கு எழும்பவில்லை. தரித்து நின்றபோது அடித்த பலத்த காற்றில், மூக்கைத் தூக்க உதவும் வால் சிறகு சிக்கிக்கொண்டிருந்தது. வீ-வன் தாண்டியும் நிறுத்தினார். விமானம் ஓடுபாதை தாண்டிப் போய் நின்றது, 116 பேரும் உயிர்பிழைத்தார்கள். பறக்காது என்று கையில் உணர்ந்த பிறகு எடுத்த முடிவு அது. மாமா கேட்ட டயர் அந்தக் கணக்கில் வராது.