வேலை தேட என்விடிஏ எப்படி? காதால் படிப்பவளின் மதிப்புரை

எனக்குப் பார்வை அறவே கிடையாது. திருச்சியில் பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். பகலில் வகுப்பு, ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம். இரண்டுக்கும் எனக்குத் துணை என்விடிஏ என்ற திரைவாசிப்பான், அதாவது கணினித் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள். பாடம் படிக்க அது எப்படி உதவும் என்று நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். வேலை தேட எப்படி என்று யாரும் விவரமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

விலையைச் சொல்லிவிடுகிறேன்: இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கியது. ஜேம்ஸ் டே பிறகு சேர்ந்துகொண்டார். இருவருக்கும் பார்வை கிடையாது. காசு கொடுத்து வாங்கும் ஜாஸ் என்ற திரைவாசிப்பானும் நல்ல மென்பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 40 நிமிடம்தான் ஓடும். மறுபடி வேண்டுமென்றால் கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். வேலைவாய்ப்புத் தளங்களின் படிவம் ஒன்றை 40 நிமிடத்தில் முடித்தவர் யாராவது இருந்தால் எனக்கும் வழி சொல்லுங்கள்.

எனக்கு இதை அறிமுகப்படுத்தியது எங்கள் ஹாஸ்டலில் முன்பு இருந்த ஒரு அக்கா. அவருக்கும் பார்வை கிடையாது, இப்போது வங்கியில் கிளார்க். கையில் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, "இதுல இருக்கு, எந்த சிஸ்டத்துல வேணாலும் போட்டு ஓட்டு" என்றார். என்விடிஏவில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான். இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓடும். கல்லூரி லேபில் அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். நெட் சென்டரிலும் அப்படித்தான். ஒரே குறை, விண்டோஸ் அனுமதி கேட்டுத் திரையை இருட்டாக்கும் இடங்களில் பென் டிரைவ் பிரதி ஊமையாகிவிடும். அதனால் சொந்த லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்துகொள்வதே நல்லது.

சரி, வேலை தேடுவதற்கு வருவோம். தேடல் முடிவுப் பக்கத்தில் எச் விசையை அழுத்தினால் தலைப்பு தலைப்பாகத் தாவும். வேலையின் பெயரைத் தலைப்பாக வைத்திருக்கும் தளத்தில் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட், டேலி ஆபரேட்டர், கஸ்டமர் சப்போர்ட் என்று கண்ணுள்ளவர்கள் ஸ்க்ரோல் செய்யும் வேகத்தில் கேட்டுவிட முடிகிறது. இன்சர்ட்டும் எஃப்7-ம் சேர்த்து அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள் எல்லாம் ஒரே பட்டியலாக வரும். 'அப்ளை' என்று முதல் எழுத்துகளைத் தட்டினால் அதற்கே போய் நிற்கும்.

அப்ளையை அழுத்திய பிறகுதான் கஷ்டம். எஃப் விசை ஒவ்வொரு கட்டமாகக் கொண்டுபோகும். ஒழுங்காகச் செய்த படிவத்தில் "ஃபர்ஸ்ட் நேம், எடிட், ரிக்வயர்ட்" என்று வாசிக்கும். ஒழுங்கில்லாததில் "எடிட், பிளாங்க்". அடுத்தது "எடிட், பிளாங்க்". அதற்கடுத்ததும் அதேதான். எது பெயர், எது அப்பா பெயர், எது பின்கோடு என்று ஜோசியம் பார்க்க வேண்டும். ஒரு தனியார் நிறுவனத்தின் படிவத்தில் 'மாற்றுத்திறனாளியா?' என்ற கேள்விக்கு 'ஆம்' கொடுத்தேன். குறைபாட்டின் வகையைக் கேட்டு ஒரு பெட்டி திறந்தது. அந்தப் பெட்டி மவுஸுக்கு மட்டும்தான் மசியும், கீபோர்டுக்கு அசையவே இல்லை. கடைசியில் என் அறைத்தோழி வந்து க்ளிக் செய்தாள். உள்ளே இருந்தவை மூன்றே வகைகள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது, அது அவர்கள் காதுக்கு இன்னும் எட்டவில்லை போல. இதற்கெல்லாம் என்விடிஏவைக் குறை சொல்ல முடியாது. எழுதாததை அது எப்படி வாசிக்கும்?

அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் இடங்களுக்கும் இது பொருந்தும். விண்ணப்பிக்கும் முன் அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய் இன்சர்ட், கன்ட்ரோல், எஃப் மூன்றையும் அழுத்தி 'ஈக்வல்' என்று தேடுவது என் பழக்கம். கொள்கை கிடைத்தால் அதில் குறைபாடுள்ளவர்களுக்கு என்னென்ன வசதி, தொடர்பு அதிகாரி யார் என்று இருக்கும். நேராக அவருக்கே மின்னஞ்சல் போடுவேன். படிவத்தோடு மல்லுக்கட்டுவதைவிட இதற்குப் பதில் வருவது அதிகம்.

அரசு வேலை என்றால் பிரச்சினையே வேறு. அறிவிக்கை பல நேரம் ஸ்கேன் செய்த பிடிஎஃப், அதாவது வெறும் படம். என்விடிஏ "எம்ப்டி டாக்குமென்ட்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். இன்சர்ட்டும் ஆரும் அழுத்தினால் விண்டோஸின் எழுத்துணரியைக் கொண்டு படித்துக் காட்டும். ஆங்கிலத்துக்குப் பரவாயில்லை. தமிழ் அறிவிக்கையை என் லேப்டாப்பில் அது படித்ததே இல்லை. அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக வந்துவிடுகிறது.

அப்படித் திறந்து நான் பொறுமையாகக் கேட்டது, மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்தவை என்று மத்திய அரசு 2021 ஜனவரியில் அடையாளம் காட்டிய பணியிடங்களின் பட்டியல். எல்லாம் அட்டவணை. கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கட்டம் கட்டமாக நகரலாம். ஒவ்வொரு நெடுவரிசையின் தலைப்பையும் சேர்த்துச் சொல்லும். 'எஸ்' என்றால் உட்கார்ந்து செய்வது, 'ஆர்டபிள்யூ' படிப்பது எழுதுவது, 'எஸ்இ' என்றால் பார்த்துச் செய்வது. யாருக்கு உகந்தது என்ற கட்டத்தில் 'பி' என்று வந்தால் என்னைப் போன்றவர்களுக்கும் உண்டு. பார்வையில்லை என்றால் டீச்சர், பேங்க், டெலிபோன் ஆபரேட்டர், இந்த மூன்றைத் தாண்டி எங்கள் சொந்தக்காரர்கள் யோசிப்பதில்லை. பார்வை இல்லாத சென்னைப் பெண் பெனோ செபைன் 2015-இல் வெளியுறவுப் பணிக்கே போய்விட்டார் என்று சொன்னால், "அது அந்தப் பொண்ணு" என்பார் என் சித்தப்பா. பட்டியலைக் கேட்ட பிறகு அவருடன் வாதாட எனக்குச் சரக்கு கூடிவிட்டது.

பயோடேட்டா தயாரிக்கவும் இது கைகொடுக்கிறது. இன்சர்ட்டும் எஃபும் அழுத்தினால் எழுத்துருவின் பெயர், அளவு, நிறம் எல்லாம் சொல்லும். ஒரு வரி 11, அடுத்த வரி 12 என்று இருந்தால் காதிலேயே மாட்டும். ஆனால் பக்கம் பார்க்க எப்படி இருக்கிறது என்பதற்கு இன்னும் ஒரு ஜோடிக் கண் வேண்டும். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த அலங்கார டெம்ப்ளேட்டுகளைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் மதிப்பெண்ணும் உங்கள் பொழுதுபோக்கும் கலந்து வாசிக்கும்.

ஆன்லைன் இன்டர்வியூவில் ஒரு காதில் எச்ஆர் மேடம், மறு காதில் என்விடிஏ. மேடம் கேள்வி கேட்கும்போது இது குறுக்கே "நியூ மெசேஜ்" என்று ஆரம்பிக்கும். கன்ட்ரோல் விசையைத் தட்டினால் அந்த நேரத்துக்கு வாயை மூடும். இன்சர்ட்டும் எஸ்ஸும் பேச்சையே நிறுத்திவைக்கும். எழுத்துத் தேர்வுதான் பெரிய தடை. காப்பியடிப்பதைத் தடுக்கத் திரையைப் பூட்டும் தேர்வு மென்பொருள்கள் சில, என்விடிஏவையும் சேர்த்து அடைத்துவிடுகின்றன. எங்கள் பிளேஸ்மென்ட் சார், "ஏம்மா, அப்போ நீ டெஸ்ட்டை எப்படி எழுதுவ?" என்று உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். டூல்ஸ் மெனுவில் ஸ்பீச் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. என்விடிஏ பேசுவதை எல்லாம் எழுத்தாகத் திரையில் காட்டும். அதைத் திறந்துவைத்துப் பழைய தேர்வுத்தாள் ஒன்றை ஓட்டிக் காட்டினேன். வரைபடக் கேள்வி வந்தபோது திரையில் 'கிராஃபிக்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் வந்து நின்றது. அடுத்த நிறுவனம் வந்தபோது எனக்கு நான் சொல்லச் சொல்ல எழுதும் ஸ்க்ரைபும், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் வேண்டும் என்று அவரே முன்கூட்டிக் கடிதம் போட்டார்.

குரல் விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். கூடவே வரும் ஈஸ்பீக் என்ற குரலின் தமிழ், தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். விண்டோஸில் 'வள்ளுவர்' என்று ஒரு தமிழ்க் குரல் உண்டு, அது கேட்கும்படி இருக்கிறது; என்விடிஏ அமைப்பில் பேச்சுக்கு 'விண்டோஸ் ஒன்கோர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அவர் வருவார். ஆங்கிலச் சொல் கலந்த தமிழில் மட்டும் தடுமாறுவார். நம் வேலை விளம்பரங்கள் முழுக்க அந்த மொழியில்தானே இருக்கின்றன!

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்றைத் தமிழ்க் குரலுக்காகக் குறைத்திருக்கிறேன். கடைசி வருடம்வரை காத்திருக்காமல் முதல் வருடத்திலேயே இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கியதும் இன்சர்ட்டையும் 1-ஐயும் சேர்த்து அழுத்துங்கள். அப்புறம் எந்த விசையைத் தொட்டாலும் அது எதற்கு என்று மட்டும் சொல்லும், எதுவும் கெட்டுப்போகாது. பழகியதும் அதே இரண்டையும் மறுபடி அழுத்தி வெளியே வந்துவிடலாம்.