தரங்கம்பாடியா, மாமல்லபுரமா?
ரெண்டு நாள் லீவுக்கு எந்தக் கடற்கரைன்னு குழம்புறவங்களுக்காக, ரெண்டையும் பார்த்தவன் சொல்றேன்.

தூரம்: மாமல்லபுரம் சென்னைலருந்து காலைல கிளம்பி சாயங்காலம் திரும்பிடலாம். தரங்கம்பாடின்னா ராத்திரி தங்கணும்.

வரலாறு: மாமல்லபுரம் பல்லவர் துறைமுகம், நரசிம்மவர்மனோட மாமல்லன் பட்டம்தான் ஊர் பேரு. தரங்கம்பாடில 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி டேனிஷ்காரங்க கோட்டை கட்டுனாங்க, 1706ல சீகன்பால்குங்கிற ஜெர்மன் பாதிரியார் வந்தாரு, அவர் மொழிபெயர்த்த தமிழ் புதிய ஏற்பாடு அங்கயே அச்சாச்சு, 1845ல ஊரையே பிரிட்டிஷ்காரங்களுக்கு வித்துட்டாங்க.

கூட்டம்: கடற்கரைக் கோயில்ல லீவு நாள்ல நிக்க இடமிருக்காது. டேனிஷ் கோட்டை மதில்கிட்ட உப்புக்காத்து முகத்துல அடிக்கும், அலை சத்தம் மட்டும்தான்.

சிற்பம் பார்க்கணும், குழந்தைங்களோட போறீங்கன்னா மாமல்லபுரம். நிம்மதியா நடக்கணும்னா தரங்கம்பாடி, என் ஓட்டும் அதுக்குத்தான்.