வீரா என்ஜினுக்குப் புது மலிவு ஹெட்டா, பழைய ஒரிஜினல் ஹெட்டா?

என் புரோட்டோன் வீரா 1.5 காரின் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடி, வால்வுகளைத் தாங்கும் என்ஜின் பகுதி) சூடேறி வளைந்துபோனபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வால்வெல்லாம் மாட்டியே வரும் மலிவு விலைப் புது ஹெட். மற்றது, கெப்போங் பக்கம் பொட்டோங் கடையில் (பழைய வண்டிகளின் உதிரிப் பாகங்களை விற்கும் கடை) பழைய ஒரிஜினல் ஹெட்டை வாங்கி, மெஷின் ஷாப்பில் கொடுத்துச் சரிசெய்து போடுவது. முதலில் வாங்கியது புதியதை. இப்போது வண்டியில் ஓடுவது பழையது.

புதியது எல்லாச் செலவும் சேர்த்துச் சுமார் 300 ரிங்கிட் குறைவு, உடனே கிடைக்கும். அதன் சாதகம் அவ்வளவுதான்.

புது ஹெட்டில் செலவு ஒளிந்திருந்த இடம் வால்வ் கைடு. இந்த 4ஜி15 என்ஜினில் சிலிண்டருக்கு மூன்று வால்வு, மொத்தம் 12. ஒவ்வொன்றும் கைடு என்ற சிறு குழாய்க்குள் ஏறி இறங்குகிறது. நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். அது கூடினால் வால்வு ஆடும், சீட்டில் (வால்வு மூடும்போது பதிந்து அடைக்கும் வளையத்தில்) சரியாக உட்காராது, எண்ணெயும் உள்ளே இறங்கும். காராக் நெடுஞ்சாலையில்தான் எனக்கு அது பிடிபட்டது. கெந்திங் செம்பாவிலிருந்து கோம்பாக் நோக்கி, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் கியரிலேயே இறங்கினேன். கீழே வந்து மறுபடி மிதித்ததும் கண்ணாடியில் நீலப் புகை. த்ராட்டில் (காற்றை அளந்து விடும் தகடு) மூடியிருக்கையில் இன்டேக்கில், அதாவது காற்று உள்ளே போகும் வழியில், வெற்றிடம் கூடும், தளர்ந்த கைடு வழியாக எண்ணெயை இழுக்கும்.

மெஷின் ஷாப் அண்ணன் அந்தப் புது ஹெட்டின் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஒரு வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். "ஆட்டிப் பாரு தம்பி" என்றார். பக்கவாட்டு ஆட்டம் விரலுக்கே தெரிந்தது. தண்ணீர் ஓடும் துளையில் கம்பியை விட்டுக் கிளறினால் வார்ப்பு மணல் கொட்டியது.

சரி, இதையே சரிசெய்யலாமா? கைடு மாற்றினால் சீட்டையும் மறுபடி வெட்டியாக வேண்டும், ஏனென்றால் சீட்டின் மையம் கைடை வைத்துத்தான் எடுப்பது. அந்தக் கூலி பழைய ஹெட்டுக்கும் புது ஹெட்டுக்கும் ஒன்றே. அப்படியென்றால் அந்தக் காசை நம்பகமான வார்ப்பில் போடுவதுதானே முறை? எனக்கு வலித்தது வேறு: கழற்றி மாட்டும் கூலி இரண்டு முறை, கேஸ்கெட் செட் இரண்டு, கூலன்ட், எண்ணெய் இரண்டு முறை. மிச்சம் பிடித்த 300 அதிலேயே கரைந்து, மேலும் அதைப்போல இரண்டு மடங்கு போனது.

நான் கையாண்ட மலிவு ஹெட் ஒன்றே ஒன்றுதான். எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். ரேஸ் ஓட்டுபவர்களுக்கு எது சரி என்பதிலும் எனக்கு அனுபவம் இல்லை. என்னுடையது தினமும் வேலைக்குப் போகும் வண்டி.

பழையதிலும் ஆபத்து உண்டு, அதுவும் சூடேறி வளைந்த என்ஜினிலிருந்து வந்திருக்கலாம். கடையிலேயே ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்க்கோலை வைத்து, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அதன் அடியில் விட்டுப் பாருங்கள். 0.05 மி.மீ. தகடு நுழையாவிட்டால் நல்லது. அப்புறம் வால்வை அழுத்தும் ராக்கரைக் கழற்றிவிட்டு, ராக்கரை இயக்கும் கேம் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். அது ஹெட்டின் அலுமினியத்திலேயே நேராகச் சுழல்கிறது, மாற்றிப் போடத் தனி பேரிங் கிடையாது. ஓரிடத்தில் இறுகினாலும் அந்த ஹெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். நான் மூன்றாவதைத்தான் எடுத்தேன்.