ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோவையில் ஒரு கடையில் 4,800 ரூபாய் கொடுத்து 3-9×40 ஸ்கோப் (துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி; 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 40 மி.மீ.) வாங்கினேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயர் வேண்டாம். என்னுடையது ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிள், அதாவது ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்திக் குண்டை வெளியேற்றும் வகை. துப்பாக்கியையே மேஜையில் வைத்துத்தான் கேட்டேன். "எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்" என்று கடைப் பையனே ஸ்கோப்பைப் பிடித்து வைக்கும் ரிங்குகளின் ஸ்குரூக்களை இறுக்கி மாட்டிக் கொடுத்தான்.

மூன்று வாரம் போயிருக்கும். தோட்டத்தில் 20 மீட்டரில் குறி அட்டையை வைத்துப் பார்க்கிறேன், ஸ்கோப்புக்குள் குறிபார்க்கத் தெரியும் குறுக்குக்கோட்டின் (கூட்டல் குறி மாதிரி இருக்கும்) கிடைக்கோடு துணி காயப்போட்ட கயிறு மாதிரி தொய்ந்து கிடக்கிறது. கடைக்குப் போன் செய்தால், "கண்ணைக் காட்டுங்க சார், வயசாகுதுல்ல" என்றார் முதலாளி. வயது 46. நம்பிவிட்டேன். டாக்டரைப் பார்த்து, புதுக் கண்ணாடியும் போட்டாயிற்று. கோடு அப்படியேதான் இருந்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. ஸ்கோப்பை வெறும் வானத்துக்குக் காட்டி (சூரியன் பக்கம் வேண்டவே வேண்டாம்), கண்ணருகே உள்ள வளையத்தைத் திருகினேன். கோடு கூர்மையானது, வளைவு போகவில்லை. போன் கேமராவை வைத்துப் படம் எடுத்தேன். படத்திலும் அதே வளைவு. போனுக்கு ஏது வெள்ளெழுத்து? கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நூலோடு ஒப்பிட்டேன். நிலைக்கோடு நேராக இருந்தது. ஸ்கோப்பைச் சாய்த்து மாட்டியிருந்தால் இரண்டு கோடும் சேர்ந்தே சாய்ந்திருக்கும். ஆக, உள்ளே இருக்கும் கம்பி இழைதான் தளர்ந்துவிட்டது. கண்ணாடியில் பொறித்த கோடாக இருந்தால் இப்படித் தொய்யாது.

ஸ்பிரிங் ரைஃபிள் முதலில் பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் வெட்டும். தோட்டாத் துப்பாக்கிக்கென்று செய்த ஸ்கோப் பலவும் பின்னுதையை மட்டுமே தாங்கும். இது விற்கிறவருக்குத் தெரியாதா என்ன?

சரி, திரும்பக் கொண்டுபோனேன். ரிங்கைக் கழற்றினால் குழாயில் பள்ளம் விழுந்திருக்கிறது, அவ்வளவு இறுக்கு! "சர்வீஸ் பண்ணித் தர்றோம்" என்று பத்து நாள் வைத்திருந்து 600 ரூபாய் வாங்கினார்கள். கோடு நேரானது உண்மைதான். ஆனால் மறுவாரம் பனிக்காலையில் லென்ஸுக்கு உள்ளே மூடுபனி. இந்தக் குழாய்க்குள் நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பார்கள். திறந்தால் வாயு போய்விடும், ஈரக்காற்று புகுந்துவிடும். கேட்டதற்கு, "பிரிச்ச பீஸுக்கு வாரண்டி கிடையாது சார்." பிரித்ததே அவர்கள்தான்! பில்லில் "ஆக்சஸரி – 1" என்று மட்டும் இருக்கிறது.

வாங்குவதாக இருந்தால் மாடல் பெயரையும், ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கடையிலேயே குறுக்குக்கோட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடு கெட்டால் கடைக்காரரைத் திறக்க விடாதீர்கள், தயாரித்த கம்பெனிக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இப்போதைக்கு ஸ்கோப் இல்லாமல்தான் சுடுகிறேன். புதுக் கண்ணாடி மட்டும் பேப்பர் படிக்க உதவுகிறது.