பழைய டகோமா வாங்கி ட்ரெய்லர் இழுக்கலாமா?

வருடத்தில் நாலைந்து தடவை படகையோ வாடகை ட்ரெய்லரையோ இழுக்க வேண்டும், மற்ற நாளெல்லாம் வேலைக்குப் போய்வர வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தக் கணக்கோடு பழைய சின்ன பிக்அப் தேடுபவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது 2005 முதல் 2015 வரை வந்த டொயோட்டா டகோமாவில்தான். 4.0 லிட்டர் வி6 எஞ்சின், 236 குதிரைத்திறன், டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஆயில் ஒழுங்காக மாற்றிய வண்டியென்றால் எஞ்சினைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். யோசிக்க வேண்டியவை அதைச் சுற்றி இருக்கின்றன.

"6,500 பவுண்டு இழுக்கும்" என்று விற்பவர் சொல்வார். ஏறக்குறைய அந்த அளவு, தொழிற்சாலையிலேயே டோ பேக்கேஜ் (இழுவைக்கான கூடுதல் சாமான்கள்) பொருத்திய வி6 வண்டிக்கு மட்டும். பேக்கேஜ் இல்லாத வி6-க்கும் 2.7 லிட்டர் நான்கு சிலிண்டருக்கும் 3,500தான். பிற்பாடு யாரோ ட்ரெய்லரைக் கோக்கும் ஹிட்ச் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தால் வண்டியில் இரும்பு கூடியிருக்கிறது, இழுவைத் திறன் கூடவில்லை. கண்டுபிடிப்பது சுலபம். பேக்கேஜ் உள்ள வண்டியில் பின்னால் 2 அங்குல ரிசீவரோடு (ஹிட்ச் பந்தைச் செருகும் சதுரக் குழாய்) ட்ரெய்லர் வயருக்கான 7 பின் சாக்கெட் இருக்கும். கிரில் இடுக்கில் டார்ச் அடித்தால் ரேடியேட்டருக்கு முன்னால் கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்று தனியாக ஒரு சின்ன கூலர் தெரியும். தட்டையான 4 பின் வயர் மட்டும் தொங்கினால் சந்தேகப்படுங்கள். அதில் ட்ரெய்லரின் விளக்கு எரியும், மின் பிரேக்குக்கு இணைப்பு கிடையாது. பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம் என்பதால், மின் பிரேக் உள்ளதை இழுப்பதானால் கேபினுக்குள் பிரேக் கன்ட்ரோலர் பொருத்தும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

அடுத்தது சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம். இந்த வண்டியை வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வதே அதுதான். 2005–2010 டகோமாக்களின் சேஸி துருப்பிடித்ததற்காக அமெரிக்காவில் கூட்டு வழக்கு நடந்து, துளை விழுந்தவற்றுக்கு நிறுவனமே புது சேஸி மாற்றித் தர ஒப்புக்கொண்டது. அந்த ஏற்பாட்டின் காலம் முடிந்துவிட்டது. இப்போது ஓட்டை விழுந்தால் உங்கள் காசு. சாலையில் உப்பு தூவும் மிச்சிகன், நியூயார்க், ஒன்டாரியோ பக்கத்து வண்டியென்றால் சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் கீழே படுத்துவிடுங்கள். கையில் சின்னச் சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் போதும். பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் (பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்) முன் முனை சேஸியில் சேரும் இடம், கேபினுக்குப் பின்னாலுள்ள குறுக்குச் சட்டங்கள், ஸ்டெப்னி தொங்கும் இடம், ரிசீவரை போல்ட் போட்ட இடம் ஆகியவற்றைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று திருப்பிச் சொல்லும். 'டொப்' என்று மந்தமாகக் கேட்டாலோ, அடுக்கடுக்காகச் செதில் உதிர்ந்தாலோ அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் விலையே பேசாமல் கிளம்பிவிடலாம். மேல்தோல் மட்டும் சிவந்திருப்பது பயப்பட வேண்டியதல்ல. விற்பதற்காக நேற்று அடித்த புது கறுப்புப் பூச்சுதான் அதைவிட மோசம், அடியில் என்ன இருக்கிறதென்றே தெரியாது.

2014-இல் 2005–2011 வண்டிகளின் லீஃப் ஸ்பிரிங் உடையக்கூடும் என்று ஒரு ரீகால் (நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) வந்தது. 17 இலக்க வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) ரீகால் தளத்தில் போட்டால் அந்த வேலை பாக்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். வெறும் வண்டியாக நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தால் உயரம் திரும்பிவிடும், ஆனால் கதவோரம் எழுதியிருக்கும் சுமை வரம்பு மாறாது.

ஆட்டோமேட்டிக் வண்டியில் ரேடியேட்டரை விட்டுவிடாதீர்கள். கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள்ளும் ஓடுகிறது. வருடங்கள் போகப் போக அங்குள்ள இணைப்பு அரித்து, கூலன்ட் ஆயிலில் கலக்கும். ஆயில் ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் போல ஆகிவிட்டால் ரேடியேட்டரோடு கியர்பாக்ஸும் போச்சு. கூலன்ட் தொட்டியைத் திறந்து பாருங்கள். டொயோட்டா கூலன்டின் நிறமே இளஞ்சிவப்பு, அதனால் நிறத்தைப் பார்த்து மிரள வேண்டாம். தெளிவாக இருக்கிறதா, நுரையும் பால்போன்ற கலங்கலும் இருக்கிறதா என்பதே கேள்வி. கியர்பாக்ஸுக்கு டிப்ஸ்டிக் கிடையாது, எனவே அந்த ஆயிலைப் பார்க்க மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். ரேடியேட்டர் பழையதாகவே இருந்தால், வாங்கிய கையோடு மாற்றிவிடுவது மலிவு.

இனி எடைக்கணக்கு. ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் பந்தின் மேல் இறங்கும், அது வண்டி சுமக்கும் எடையில் சேரும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஆட்களும் சரக்கும் சேர்த்து எவ்வளவு என்று ஸ்டிக்கரில் இருக்கும். 1,150 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 4,000 பவுண்டு ட்ரெய்லர், 12 சதவீதம் என்றால் 480. தலைக்கு 150 வீதம் நாலு பேர் 600. மீதி 70 பவுண்டு, ஐஸ் பெட்டியோடு சரி. இதே குடும்பம் 5,500 பவுண்டு கேம்பரை (உள்ளே தங்கக்கூடிய ட்ரெய்லர்) மாட்டினால் 660 இறங்கும். இழுவை வரம்புக்கு இன்னும் ஆயிரம் பாக்கியிருக்கும்போதே சுமை வரம்பு தாண்டிவிடும். கேம்பரின் அகன்ற முகம் காற்றோடு மல்லுக்கட்டுவது வேறு. மோட்டாரோடு 17 அடி அலுமினியப் படகு, புல்வெட்டும் எந்திரம் ஏற்றிய திறந்த ட்ரெய்லர் போன்றவற்றுக்கு இந்த வண்டி தாராளம். பெரிய கேம்பர்தான் குறியென்றால் டண்ட்ரா, எஃப்-150 போன்ற பெரிய பிக்அப் பக்கம் போவது நல்லது. விலை குறைவாக வேண்டுமென்பவர்கள் நிசான் ஃபிரான்டியர் வி6 பார்க்கலாம், ஆனால் 2005–2010 ஃபிரான்டியரிலும் இதே ரேடியேட்டர் வியாதி உண்டு.

ஓட்டிப் பார்க்கும்போது சிக்னலில் நின்று கிளம்பும் நொடியில் தரைக்கடியில் ஓர் அதிர்வு வந்தால், பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் இரண்டு துண்டு டிரைவ்‌ஷாஃப்ட்டின் நடு பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய டயர் மாட்டிய வண்டி பார்வைக்கு எடுப்பு, ஆனால் சுமையோடு மேடேறும்போது திணறும். தொழிற்சாலை அளவான 245/75 ஆர்16 அல்லது 265/70 ஆர்16 டயர் இருந்தால் நிம்மதி. வாங்கிய பிறகு, ட்ரெய்லர் மாட்டினால் 5-ஆம் கியருக்குப் போகவிடாமல் 4-இல் வைத்து ஓட்டுங்கள். ஏற்றத்தில் கியர் மாறி மாறி விழுவதுதான் கியர்பாக்ஸ் ஆயிலைச் சுட வைக்கிறது.